முகத்தின் மேல் ஒட்டிய இதயம்

என் மகள் மூச்சு விடாமல் கிடந்ததை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டி ரசித்திருக்கிறார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. கைதட்டும் படம், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் படம், முத்தம் என்று வரிசையாக வந்து விழுந்தன. "ஆட்டத்தப் பாரு, அப்படியே அத்தக்காரிதான்" என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அந்த வீடியோ இன்றைக்கும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

என் கணவரின் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது. எனக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். பிரசவம் பார்க்க அம்மா வீட்டுக்குப் போய், ஐந்தாம் மாதம் குழந்தையோடு கடலூர் திரும்பினேன். வீட்டில் மாமியார், ஷிப்டு மாறி மாறி கம்பெனிக்குப் போகும் கணவர், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நாத்தனார். மாப்பிள்ளைக்குப் பெண்ணாடம், சர்க்கரை ஆலையில் வேலை. "பெண்ணாடத்துக்காரங்க" என்று சொல்லும்போதே மாமியார் குரலைத் தாழ்த்திக்கொள்வார், கோயிலில் பூசை நடக்கும்போது பேசுவதுபோல. அந்த வீட்டில் அப்போது எந்தக் காரியமும் பெண்ணாடத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தது. என் குழந்தையின் ஞானஸ்நானம் உட்பட. நாத்தனாரும் புது மாப்பிள்ளையும் ஞானப்பெற்றோராக நிற்க வேண்டும், அதனால் கல்யாணம் முடிகிற வரைக்கும் தள்ளிப்போடு என்றார் மாமியார். என் கணவர் சரி என்றார். அவர் 'சரி' என்று சொல்லாத ஒரு விஷயத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடலூர் வந்த சில நாளில், காலையில் பால் கொடுத்துக் கூடத்துப் பாயில் கிடத்தியிருந்தேன். குழந்தை திடீரென்று அசையாமல் நின்றாள். படுத்திருக்கும் குழந்தையை 'நின்றாள்' என்று எழுதுவது தவறுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது, எல்லாமே நின்றது. கண் ஒரு பக்கமாகப் போய் அங்கேயே குத்தியிருந்தது. உடம்பு விறைத்தது. ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி ஆடியது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. உதடு நாவல்பழம் தின்ற வாய்போல ஆனது. பிறகு மூக்கிலும் வாயிலும் பால் பொங்கி வந்து, ஒரு பெரிய மூச்சை இழுத்து, அழுதாள். அந்த அழுகைக்கு முன்னால் இருந்த சில கணங்களில் என் பிள்ளை செத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த கோபங்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கணம்தான் அடி.

அன்றைக்கே நான் ஒன்றைக் கவனித்தேன். நான் கத்தினேன், நாத்தனார் அழுதாள். மாமியார் இரண்டும் செய்யவில்லை. அடுப்படியிலிருந்து நேராக வந்தார், இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவிக்கொத்தை உருவினார், குழந்தையின் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். தினம் விளக்கேற்றுகிறவர் தீப்பெட்டியை எடுப்பதுபோல அவ்வளவு இயல்பாக. குழந்தை மூச்சு விட்டதும், "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அது தானாக வந்து தானாகப் போகிற சங்கதி. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டில் பனம்பழத்துக்குக் காக்கைதான் காரணம் என்று முடிவாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்து மாந்தம், பால் செரிக்கவில்லை என்றார். எதிர்வீட்டில் உரம் விழுந்திருக்கு, எங்கேயோ சுளுக்கிக்கொண்டிருக்கிறது, முறத்தில் போட்டு உருட்டு என்றார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கடலூரில் கைராசிக்காரர் என்று பேரெடுத்தவர். கைராசி என்றால் என்னவென்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: கண்ணையும் காதையும் உபயோகிக்காமல் கையால் மட்டும் வைத்தியம் பார்ப்பது. நான் சொல்லத் தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் அவர் கை மருந்துச்சீட்டை எழுதி முடித்திருந்தது. பால் மேலே ஏறுகிறது, தொண்டையில் படுகிறது, அதனால் மூச்சு நிற்கிறது, அதற்குப் பேர் ரிஃப்ளக்ஸ், எல்லாக் குழந்தையும் கக்கும், சிரப் கொடுங்கள், ஏப்பம் வர வைத்துப் படுக்கப் போடுங்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்படியும் நடக்கக்கூடியதுதான். ஆனால் என் குழந்தைக்கு அப்படித்தான் நடக்கிறதா என்று கேட்கிற சிரமத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கை எதற்காக ஆடுகிறது என்று கேட்டேன். "மூச்சு முட்டினா ஆடத்தான் செய்யும்" என்றபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

'ரிஃப்ளக்ஸ்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் மணப்பெண் மாதிரி வலது காலை எடுத்து வைத்து நுழைந்தது. புதன்கிழமையை ஆங்கிலத்தில் சொல்லத் திணறும் என் மாமியார் அந்தச் சொல்லை ஒரே நாளில் தப்பில்லாமல் பழகிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். அது நல்ல சொல். அதில் பால் இருக்கிறது, சிரப் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேறொரு சொல் இருந்தது. அதை நான்தான் முதலில் சொன்னேன். ஒருநாள் மத்தியானம், பால் குடித்து வெகுநேரம் கழித்து, தூளியில் தூங்கிக்கொண்டிருந்தபோதே குழந்தைக்கு அது வந்தது. அன்றைக்கு முதலில் கண் போனது, கை ஆடியது, மூச்சு நின்றது. பால் கடைசியில்தான் வந்தது. இது வலிப்பு மாதிரி இருக்கிறது, வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

மாமியார் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தைய இந்த வூட்ல சொல்லாத" என்றார். "பொண்ணு கட்டிக் குடுக்கற வூடு இது."

குழந்தையின் மூச்சுக்குக் கதவைச் சாத்தாதவர், ஒரு சொல்லுக்குச் சாத்தினார். என் கணவரைப் பார்த்தேன். குடித்த பால் உள்ளே இருக்குமில்லையா, தூக்கத்தில் ஏறியிருக்கும் என்று அவர் எனக்கு விளக்கினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் வரை குழந்தைக்குக் குடல் இருக்கிறதா என்றே யோசித்திருக்காத மனிதர்.

இருந்தாலும் ஒன்று செய்தார். அடுத்த தடவை வந்தபோது வீட்டிலிருந்தார், நான் சொன்னபடி ஃபோனில் வீடியோ எடுத்தார். அவர் சொந்தத்தில் ஓர் அக்கா வெளிநாட்டில் நர்ஸ்; குடும்பக் குழுவில் இருக்கிறார்; அவரிடம் காட்டிக் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். கல்யாணமாகி முதல் தடவையாக இந்த ஆளைக் கட்டிக்கொண்டதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு சாயங்காலம் வரை தாங்கியது.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையின் முகம் வெளியே போகக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். எந்தப் பங்குச் சாமியாரும் இப்படி ஒரு சட்டம் சொன்னதில்லை. கண்ணேறுக்குக் கன்னத்தில் வைக்கிற கறுப்புப் பொட்டும் வேதமும் சேர்ந்து அவர் மனசுக்குள் பெற்றுப்போட்ட சட்டம் அது. பிறந்ததிலிருந்து என் மகளின் எந்தப் படம் வெளியே போனாலும் முகத்தின் மேல் ஒரு சிவப்பு இதயம் இருக்கும். சொந்தக்காரர்களுக்கு அவள் கழுத்துக்கு மேலே ஓர் இதயமாகத்தான் அறிமுகம். வீடியோவிலும் இதயம் நகர்ந்து நகர்ந்து முகத்தோடு கூடவே போகிறமாதிரி ஒட்டுகிற வித்தை நாத்தனாருக்குத் தெரியும். ஒட்டினாள். "இது என்னன்னு பாருங்க" என்று கணவர் கீழே எழுதியிருந்ததை மாமியார் அழிக்கச் சொன்னார். பெண்ணாடத்துக்காரர்களின் சொந்தம் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். கேள்வியும் போய், முகமும் போய், கையும் காலும் வெட்டி வெட்டி ஆடுகிற ஓர் இதயம் குழுவில் போய் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நர்ஸ் அக்காவும் முத்தம் அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடுகிற பிள்ளைக்கு வேறு எதை அனுப்புவார்?

முகத்தோடு இருந்த வீடியோ ஃபோனில்கூட இருக்கக் கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். கணவர் சரி என்று அழித்துவிட்டார். எனக்கு அது அப்போது தெரியாது.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மாமியாரும் கூடவே வந்தார். பேத்திக்காக இல்லை, அந்தச் சொல்லுக்குக் காவலாக. சிதம்பரத்தில் என் அம்மா விசாரித்து வைத்திருந்த குழந்தை டாக்டர் ஒரு பெண். சிரிக்கவே தெரியாதவர். வாசலில் செருப்பைச் சரியாக விடாததற்கே எங்களைத் திட்டினார். ஆனால் உட்கார வைத்துக் கேட்டார். பால் முதலில் வருகிறதா, மூச்சு முதலில் நிற்கிறதா? கையைப் பிடித்தால் ஆட்டம் நிற்கிறதா, பிடித்தாலும் உள்ளுக்குள் துடிக்கிறதா? உதடு எப்போது நிறம் மாறுகிறது? கண் எந்தப் பக்கம்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயத்தில் பார்த்தவள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீடியோ இருக்கிறதா என்றார். இருக்கிறது என்று பெருமையாக, குழுவில் வந்ததையே திறந்து நீட்டினேன்; இதயத்தைப் பார்த்துப் பார்த்து அது ஒட்டியிருப்பதே என் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

அவர் பார்த்தார். ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"முகம் எங்கம்மா?" என்றார்.

கணவருக்கு ஃபோன் போட்டேன். அழித்த கதையை அப்போதுதான் சொன்னார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் அந்த டாக்டர் எங்களை வெளியே துரத்தியிருப்பார்.

அந்த அம்மாள் சொன்னதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் தெரியாது என்ற வார்த்தை இருந்தது. பால் மேலேறினால் சில குழந்தைகளுக்கு மூச்சு நிற்கும். உடம்பை வில்லாக வளைக்கும். பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். வலிப்பு வந்தாலும் மூச்சு நிற்கும். முடிகிறபோது பால் வெளியே வரும். பார்க்க ரிஃப்ளக்ஸ் மாதிரியே இருக்கும். ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தூண்டலாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது, இதை வைத்து என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் ஃபிட்ஸ் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க பரம்பரைலயே கெடையாது" என்றார் மாமியார். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. கடலூர் டாக்டருக்குத் தோதான ஆள்.

தலையில் ஒயர் ஒட்டி மூளையின் அலையைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மாமியார் அந்தக் காகிதத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, கடலூருக்கு ஃபோன் போட்டு எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார். வராதபோது எடுத்தால் நார்மலாகத்தான் இருக்கும், அதனால் இல்லை என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தவரை என் மகள் நர்சுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: அடுத்த முறை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயிலும் கையிலும் எதையும் திணிக்காதீர்கள், முகம் தெரிய வீடியோ எடுங்கள், நீண்டால் உடனே ஓடி வாருங்கள்.

இப்படியாக, என் குழந்தைக்கு மறுபடியும் மூச்சு நிற்பதற்காக நான் காத்திருந்தேன். வரக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே, வந்தால் எடுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு. முகத்தில் ஒரு பொம்மை இதயத்தை ஒட்டிய முட்டாள்தனத்துக்கு என் பிள்ளை இன்னொரு தடவை நீலமாக வேண்டும். இதைவிடக் கேவலமான ஒரு காத்திருப்பு எந்தத் தாய்க்கும் வர வேண்டாம். அந்த நாட்களில் கடலூரில் இருந்த அத்தனை பேரையும் நான் மனசார வெறுத்தேன்.

அம்மா வீட்டில், மாமியாரும் கூடவே தங்கியிருக்க, ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி ஒருக்களித்துக் கிடத்தினேன். ஒரு கை அவள் முதுகில், ஒரு கையில் ஃபோன். மாமியார் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில், ஃபோனைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் முகத்தைத் தன் உள்ளங்கையால் மூடினார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தோன்றியது.

"கைய எடுங்க அத்த" என்றேன். "மூஞ்சி தெரியணும்."

எடுக்கவில்லை. நான் தட்டிவிட்டேன். சாவிக்கொத்து தரையில் விழுந்தது. அவர் அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது. பால் வந்தது. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

டாக்டர் தன் மேசையில் அந்த வீடியோவைச் சத்தமாக ஓட விட்டார். முகம் தெளிவாக இருந்தது. கண் ஒரு பக்கமாகப் போனது. அதன் மேல் மாமியாரின் குரல்.

"பயப்படாதம்மா, ஒன்னும் ஆவாது. இவ அப்பனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு வயசுல தன்னால போயிடுச்சு."

டாக்டர் நிறுத்தினார். பின்னால் இழுத்து மறுபடி ஓட விட்டார். அந்தச் சாவிக்கொத்துக்கு ஏன் அவ்வளவு பழக்கம் என்று எனக்கு அப்போது விளங்கியது. என் கணவரின் கையில் பழகிய சாவி அது. மாமியார் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேட்டப்ப இல்லன்னீங்க" என்றார் டாக்டர்.

"அது ஃபிட்ஸ் இல்லீங்க. மாந்தம்."

மகனுக்கு வந்தால் மாந்தம், பேத்திக்கு வந்தால் ரிஃப்ளக்ஸ். வலிப்பு என்பது அடுத்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வருவது. ஆனால் அந்தப் பொய்க்காரியின் குரல், பயந்துபோயிருந்த எனக்கு ஆறுதல் சொல்லத்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் அநியாயக்காரி ஆகிவிடுவேன். ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான், மன்னிக்கவில்லை.

வலிப்புக்கு மருந்து தொடங்கினார்கள். சிரப்பை நிறுத்தினார்கள். மூச்சு நிற்பது மெல்லக் குறைந்து நின்றுபோனது. சில குடும்பங்களில் இது கைக்குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும், ஆனாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மாமியாரிடம் தனியாக, "உங்க பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க. நாளைக்கு அவங்களுக்குக் கொழந்த பொறந்தா உதவும்" என்றார். மாமியார் பக்தியோடு தலையாட்டினார். கடலூர் போகும் பஸ்ஸில், சிதம்பரம் எல்லை தாண்டுவதற்குள், இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். வீடு வந்து சேர்ந்ததும், கல்யாணம் முடியட்டும் என்றார் கணவர்.

கல்யாணம் முடிந்தது. ஞானஸ்நானமும் முடிந்தது, நாத்தனார் என் மகளைக் கையில் ஏந்தி, சாத்தானை விட்டுவிடுவதாக அவள் சார்பில் வாக்குக் கொடுத்தாள். அன்று மாலையே அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்கு எதைப் பார்த்தாலும் வியாதியாகத்தான் தெரியும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாராம். நான் போய்ச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன்.

பிறகு எனக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. மகளோடு வந்துவிட்டேன். கணவர் வாரக் கடைசியில் வருகிறார், சரி என்று சொல்கிறார், போகிறார். மகள் இப்போது மருந்து எதுவும் இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குப் பின்னால் சைக்கிளில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும்.

நாத்தனார் குழந்தை பெற்று, கடலூரில் ஐந்து மாதம் இருந்துவிட்டுப் பெண்ணாடம் போனாள். மாமியாரும் துணைக்குப் போயிருந்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபோனில் ஒரு வீடியோ வந்திருந்தது. கீழே, "அண்ணி, பால் குடிச்சதும் பாப்பா மூச்ச நிறுத்துது. ரிஃப்ளக்ஸ்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

கோயில் வாசலிலேயே நின்று திறந்தேன். பாயில் ஒரு குழந்தை. ஒரு கை வெட்டி வெட்டி ஆடியது. இன்னொரு கையில் ஒரு சாவிக்கொத்து. முகத்தின் மேல் இதயம். காலத்துக்கேற்ற முன்னேற்றம், இப்போது அது துடிக்கிற இதயம்.

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கில் வந்து நின்றது. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஃபோன் போட்டேன். அவள் அழுதுகொண்டுதான் எடுத்தாள். முகம் தெரிகிற வீடியோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா அழிக்கச் சொல்லிட்டாங்க அண்ணி."

பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. யாருடன் பேசுகிறாய் என்று.

"கார் புடிச்சிக்கிட்டு ஒடனே சிதம்பரம் கெளம்பு" என்றேன். "டாக்டர் வூட்டு வாசல்ல நான் நிக்கிறேன். அந்தச் சாவிய அது கைலேர்ந்து எடு. ஒருக்களிச்சுப் புடி. யாரு என்னா சொன்னாலும் திரும்பாத. மூஞ்சியப் பாத்துக்கிட்டே வா."